பாய்மரக் கப்பலில் பிள்ளை வளர்த்தவர்கள்

பாறசாலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவர் சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசர், சீக்கிரமே கேப்டன் ஆகப்போகிறார். நாலு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு காண்ட்ராக்ட் முழுக்கக் கூடவே போய்வரலாமா என்று வீட்டில் பேச்சு. "பிள்ளையை வளர்க்க வேற இடமா கிடைக்கல்ல?" என்று மாமியார் சண்டை. "அந்தக் காலத்தில் கேப்டன் பிள்ளைகள் பாய்மரக் கப்பலிலேயே பிறந்து வளர்ந்தார்கள்" என்று கணவர் பதில். இது நிஜமா, நிஜமென்றால் எப்படித் தின்று, படித்து, விளையாடி வளர்ந்தார்கள், இன்றைக்கு அது நடக்குமா என்பது கேள்வி.

நான் தேங்காப்பட்டணத்துக்காரன். சரக்குக் கப்பலில் போசனாக, அதாவது தள மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய கப்பல்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிற பழக்கம் உண்டு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் கணவர் சொன்னது நிஜம். ஆனால் எல்லா நாட்டிலும் எல்லாக் கப்பலிலும் அப்படி நடக்கவில்லை. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து கிளம்பிய சரக்குக் கப்பல்களிலும் திமிங்கில வேட்டைக் கப்பல்களிலும்தான் இது அதிகம். பிரிட்டிஷ், ஸ்காண்டிநேவியக் கப்பல்களிலும் உண்டு. எங்கும் கேப்டன் குடும்பத்துக்கு மட்டுமே அந்தச் சலுகை. மற்ற மாலுமிகளின் பெண்டாட்டி பிள்ளைகள் கரையில் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஏன் கேப்டனுக்கு மட்டும்? பாசம் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்குக் காசுதான் காரணமாகத் தெரிகிறது. அன்றைக்கு ஒரு கப்பலை 64 பங்காகப் பிரித்து வைத்துக்கொள்வது வழக்கம். கேப்டனுக்கும் அதில் சில பங்கு இருக்கும். மீதி அவருடைய மாமனார், மச்சான், ஊர்க் கடைக்காரர் என்று தெரிந்தவர்கள் கையில். நம்ம கடற்கரையில் வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு போடுகிற மாதிரிதான். தன் பங்குள்ள கப்பலில் தன் பெண்டாட்டியை ஏற்ற கேப்டன் யார் காலிலும் விழ வேண்டியதில்லை. கப்பலும் போனால் எளிதில் திரும்பாது. சரக்குக் கப்பலென்றால் ஒரு வருஷம், இரண்டு வருஷம். திமிங்கில வேட்டைக்குப் போனால் மூன்று நாலு வருஷம். வீட்டில் விட்டுப் போன குழந்தை அப்பனை அடையாளம் தெரியாமல் அழும். உடன் ஏற்றினால் வீட்டு வாடகையும் மிச்சம்.

மெய்ன் மாநிலத்தில் சியர்ஸ்போர்ட் என்று ஒரு சின்ன ஊர். 1880களில் அமெரிக்காவின் ஆழ்கடல் பாய்மரக் கப்பல் கேப்டன்களில் பத்தில் ஒருவர் அந்த ஊர்க்காரர் என்று சொல்வார்கள். ஹாங்காங்கில் நங்கூரம் போட்டால் அங்கே பக்கத்துக் கப்பலில் எதிர்வீட்டுக் குடும்பம் இருக்கும். சின்னப் படகில் ஏறி ஒருவர் கப்பலுக்கு ஒருவர் விருந்துக்குப் போவார்கள். பிள்ளைகளுக்குத் தங்கள் வயதில் இன்னொரு பிள்ளையைப் பார்க்கக் கிடைத்த நேரம் அதுதான்.

இனி கப்பலுக்குள் வருவோம். பாய்மரக் கப்பலில் கேப்டன் இருப்பது அமரத்தில், அதாவது பின்பக்கம். மாலுமிகள் இருப்பது அணியத்தில், அதாவது முன்பக்கம். இரண்டுக்கும் நடுவே உள்ளது வெறும் மரத்தளம் என்றாலும், அது பெரிய எல்லை. கேப்டன் குழந்தைக்குப் பின்மேல்தளம்தான் முற்றம். சுக்கான் பிடிக்கிறவரிடம் பேசக்கூடாது, கயிறு கட்டும் முளைகளைத் தொடக்கூடாது, முன்பக்கம் போகவே கூடாது. கயிறும் கப்பியும் விழும் ஆபத்து ஒரு காரணம். மாலுமிகள் வாயிலிருந்து விழுகிற சொற்கள் இன்னொரு காரணம். இரண்டாவதைத் தடுக்க எந்தத் தாயாலும் முடிந்ததாக நான் வாசிக்கவில்லை.

நடை பழகும் வயதில் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை தளத்தில் ஏதாவது உறுதியான இடத்தில். ஆடுகிற தரையிலேயே நடக்கப் பழகிய பிள்ளைக்கு, கரையில் இறங்கியதும் தரை ஏமாற்றும். சாப்பாட்டு மேசையில் தட்டு சரியாமலிருக்க மரச்சட்டம் அடித்திருக்கும். விளக்கு வளையத்தில் தொங்கும், கப்பல் சாய்ந்தாலும் சுடர் நேராக நிற்கும். படுக்கைக்கும் பக்கப் பலகை உண்டு. சில கேப்டன்கள் மனைவிக்காக ஊசலாடும் கட்டிலே செய்து வைத்தார்கள். 1841ல் கட்டிய சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் அமெரிக்காவில் மிஸ்டிக் என்ற ஊரில் இன்னும் மிதக்கிறது. அதன் கேப்டன் அறையில் அப்படி ஒரு கட்டில் உண்டு.

பாலுக்கு ஆடு, முட்டைக்குக் கோழி, ஒன்றிரண்டு பன்றி என்று கப்பலிலேயே ஒரு தொழுவம் இருக்கும். கெட்டிப்பால் டின் அமெரிக்காவில் 1850களில் வந்தது. கடலில் பிள்ளை வளர்த்த தாய்மார்களுக்கு அது பெரிய உதவி. தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். மழை பெய்தால் பாயை விரித்துப் பிடித்து, அன்றைக்குத்தான் துணி துவைப்பு, பிள்ளைக்குத் தலைக்குக் குளிப்பு எல்லாம். பொம்மை கடையில் வாங்கியதல்ல. பாய் தைக்கிறவர் கான்வாஸ் துண்டில் பொம்மை தைத்துக் கொடுப்பார், தச்சர் சின்னக் கப்பல் செதுக்குவார், மாலுமிகள் ஊஞ்சல் கட்டுவார்கள். ஆளுக்கு ஒரு முடிச்சு சொல்லிக்கொடுத்து, ஐந்தாறு வயதில் பிள்ளை நல்ல கயிற்று வேலைக்காரன் ஆகிவிடும். காம்பஸின் 32 திசைகளையும் ஒரே மூச்சில் சொல்லுகிற பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது என்பதும் நடந்திருக்கிறது.

லாரா ஜெர்னிகன் என்ற சிறுமி எழுதிய டைரி ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 1868 அக்டோபரில் நியூ பெட்ஃபர்ட் துறைமுகத்திலிருந்து ரோமன் என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் கிளம்பியது. கேப்டன் ஜாரெட் ஜெர்னிகன் தன் மனைவி ஹெலனையும், ஆறு வயது லாராவையும், இரண்டு வயதுகூட நிரம்பாத பிரெஸ்காட்டையும் ஏற்றிக்கொண்டார். டிசம்பரில் லாரா டைரி தொடங்குகிறாள். எழுத்துப் பிழை நிறைய, வாக்கியம் இரண்டு மூன்று சொல்லில் முடிந்துவிடும். இன்று கடல் முரடு, ஆனால் காற்று சாதகம் என்று எழுதுகிறாள். எண்ணெய் இதுவரை 135 பீப்பாய், அதில் எந்தத் திமிங்கிலத்தில் எவ்வளவு என்று கணக்கு. அடுத்த வரியில், எங்களிடம் இரண்டு பறவை இருந்தது, இப்போது ஒன்றுதான், ஒன்று செத்துவிட்டது.

இதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளைக்குப் பீப்பாய்க் கணக்கும் பறவையின் சாவும் ஒரே தட்டில் இருக்கின்றன. அவளுக்கு அதுதான் வீட்டுச் செய்தி. எண்ணெய் நிரம்பினால் வீடு திரும்பலாம் என்று அவளுக்குத் தெரியும். தளத்தில் திமிங்கிலத்தை வெட்டிக் கொழுப்பை உருக்குகிற நாட்களில் நாற்றம் தாங்க முடியவில்லை என்றும் எழுதுகிறாள். நம்ம ஊரில் மத்திச் சீசனில் கருவாட்டுக் களத்தை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு அவள் சொல்வது புரியும். அந்த டைரி இப்போது மார்த்தாஸ் வின்யார்ட் தீவிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தம்பி பிரெஸ்காட் கதையையும் சொல்லாமல் விட மனசில்லை. வளர்ந்து பாதிரியார் ஆனார். 1897, 98ல் கடல் தண்ணீரிலிருந்து தங்கம் எடுக்கிற கருவி கண்டுபிடித்தேன் என்று கம்பெனி தொடங்கி, ஊரெல்லாம் பங்கு விற்று, குட்டு உடைந்ததும் நாட்டை விட்டே ஓடினார். கப்பலில் வளர்ந்த பிள்ளையெல்லாம் ஒழுக்கசீலர் ஆகும் என்று யாராவது சொன்னால் இவரை நினைவுபடுத்துங்கள்.

படிப்பு விஷயத்துக்கு கோல்கார்ட் குடும்பம் நல்ல உதாரணம். நான் சொன்ன சியர்ஸ்போர்ட்காரர்கள்தான். ஜோயன்னா கோல்கார்ட் 1882ல் தென் பசிபிக்கில் அப்பாவின் கப்பலில் பிறந்தார். தம்பி லிங்கன் அடுத்த வருஷம், தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் ஹார்ன் முனைக்கு வெளியே, அதே கப்பலில். கேப் ஹார்ன் என்றால் கடலோடிகள் இன்றும் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிற இடம். அங்கே பிரசவம் பார்க்க மருத்துவச்சியா இருந்திருப்பாள்? ஜோயன்னா முதல் பதினெட்டு வருஷத்தில் பெரும்பகுதியைக் கடலில் கழித்தார். தாய்தான் முதல் வாத்தியார். பிறகு தபால் வழிப் படிப்பு. பாடம் ஒரு துறைமுகத்தில் ஏறும், விடைத்தாள் இன்னொரு துறைமுகத்தில் இறங்கும். அப்படியும் மெய்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பட்டமும் மேற்பட்டமும் வாங்கினார். பதின்ம வயதில் ஒரு கேமராவுடன் ஹாங்காங் போய் அவர் எடுத்த கப்பல் படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன.

அந்தக் கடைசிக்காலப் பாய்மரக் கப்பல்கள் ஏற்றிய சரக்கு என்ன தெரியுமா? மண்ணெண்ணெய். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் தேயிலை போன்ற அவசரச் சரக்கை நீராவிக் கப்பல்கள் பிடுங்கிக்கொண்டன. மெதுவாக வந்தாலும் பரவாயில்லை என்கிற நிலக்கரி, மரம், தானியம், மண்ணெண்ணெய் மட்டும் பாய்க்கு மிச்சம். மரப்பெட்டிக்கு இரண்டு தகர டின் வீதம் ஆயிரக்கணக்கில் அடுக்கி நியூயார்க்கிலிருந்தும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் கிழக்கு நாடுகளுக்கு வந்தது. அந்த டின்களின் மேல் தளத்தில்தான் கேப்டன் பிள்ளை ஊஞ்சல் ஆடியது. நம்ம பாட்டிமார் தண்ணீர் சுமந்த சதுர டின்னும் இதே வம்சம்தான்.

ஜோயன்னா பின்னாளில் என்ன செய்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நியூயார்க்கில் சமூகப் பணிக்குப் போய், கணவன் கைவிட்டுப் போன குடும்பங்களைப் பற்றி 1919ல் ஒரு நூல் எழுதினார். அப்பா எப்போதும் பத்தடி தூரத்தில் இருந்த வீட்டில் வளர்ந்த பெண், அப்பா இல்லாத வீடுகளைப் படிக்கப் போனார். இரண்டுக்கும் நான் முடிச்சுப் போட்டால் அது என் ஊகம்தான். ஆனாலும் போடத் தோன்றுகிறது. சிறுவயதில் கேட்ட மாலுமிப் பாட்டுகளையும் திரட்டி 1924ல் வெளியிட்டார். முன்பக்கம் போகக்கூடாது என்ற தடை எவ்வளவு ஓட்டையாக இருந்தது என்பதற்கு அந்தப் பாட்டுகளே சான்று.

தம்பி லிங்கனுக்கும் ஒரு பங்கு உண்டு. 1929ல் ஜோன் லோவெல் என்ற பெண், கைக்குழந்தையிலிருந்து பதினேழு வயதுவரை அப்பாவின் கப்பலில் ஆண்களுக்கு நடுவே தனியாக வளர்ந்தேன் என்று தன் கதையை எழுதி அமெரிக்காவையே மயக்கினார். கடைசியில் கப்பல் நடுக்கடலில் எரிந்துபோக, பூனைக்குட்டிகள் முதுகைப் பிறாண்டிக்கொண்டு தொங்க மைல்கணக்கில் நீந்திக் கரையேறினாராம். புத்தகம் அமோக விற்பனை. உண்மையிலேயே கடலில் பிறந்த லிங்கன் கோல்கார்ட் அதை வாசித்துவிட்டு, கப்பல் விவரமெல்லாம் தப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எரிந்துபோனதாகச் சொன்ன கப்பல் கலிபோர்னியாவில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண் அதில் இருந்ததே ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான். கடலில் வளர்ந்த பிள்ளைகளின் நிஜ டைரிகளில் சாகசம் இவ்வளவு கிடையாது. காற்று, பீப்பாய், செத்த பறவை, தம்பியின் விரல் புண், இவைதான் இருக்கும்.

ஆபத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நீங்களே ஊகிக்கலாம். கப்பலில் டாக்டர் கேப்டன்தான். எண் போட்ட மருந்துப் புட்டிகள், பக்கத்தில் ஒரு புத்தகம். இந்த வியாதிக்கு இத்தனையாம் நம்பர் புட்டி என்று பார்த்துக் கொடுப்பார். கேப்டனே படுத்துவிட்டால்? 1856ல் நெப்டியூன்ஸ் கார் என்ற கப்பலில் அதுதான் நடந்தது. கேப்டனுக்கு அடுத்தவரான தலைமை மேட் கைதியாக அடைபட்டிருந்தார், கேப்டன் நோயில் விழுந்தார். பத்தொன்பது வயது மனைவி மேரி பேட்டன், கர்ப்பிணி, கப்பலுக்கு வழி காணும் கணக்கை முன்பே படித்திருந்ததால் கப்பலை கேப் ஹார்ன் சுற்றி சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுசேர்த்தார். இந்தக் கதையைப் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்லட்டும். மருந்து பலிக்காமல் இறந்த குழந்தையைக் கடலில் இறக்கிய தாய்மார் எழுதி வைத்ததை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

நம்ம கரையில் இது ஏன் இல்லை? தூத்துக்குடித் தோணி கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் கொச்சிக்கும் பாய் விரித்துப் போயிருக்கிறது. அதன் தலைவர் தண்டல். ஆனால் முதலாளி கரையில், தண்டல் கூலிக்கோ பங்குக்கோ போகிறவர். பயணமும் வருஷக்கணக்கு இல்லை. கச்சான் என்கிற தென்மேற்குப் பருவக்காற்று முற்றுகிற மாதங்களில் தோணி கரையில் கிடக்கும், தண்டல் வீட்டில் இருப்பார். பெண்ணை ஏற்றுகிற வழக்கமும் இல்லை. ஆண் பிள்ளை மட்டும் பதின்ம வயதில் சமையல்காரரான பண்டாரிக்கு எடுபிடியாக ஏறி, வெங்காயம் உரித்தே தொழில் படிக்கும். ஆக மேல்நாட்டுக் கேப்டனுக்குப் பிள்ளையை ஏற்றக் காரணமும் அதிகாரமும் இருந்தன, நம்ம தண்டலுக்கு இரண்டுமே இல்லை.

அங்கேயும் அது எப்போது நின்றது என்று பார்த்தால் இதே விஷயம்தான் வருகிறது. நீராவிக் கப்பல் வந்து, கப்பல் கம்பெனி சொத்தாகி, கேப்டன் சம்பளக்காரர் ஆனதும் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டிலும் விதிவிலக்கு உண்டு. இர்விங் ஜான்சன், அவர் மனைவி எக்ஸி இருவரும் யாங்கி என்ற பெயரில் அடுத்தடுத்து பாய்மரக் கப்பல்கள் வைத்து 1933 முதல் 1958 வரை ஏழு முறை உலகைச் சுற்றினார்கள், ஒரு சுற்றுக்கு 18 மாதம். மகன்கள் ஆர்தரும் ராபர்ட்டும் அதில்தான் வளர்ந்தார்கள். அங்கே கப்பலும் ஜான்சனுடையது, கேப்டனும் ஜான்சன்.

உங்கள் கணவர் கப்பல் அவருடையது அல்ல. அதனால் அந்தக் காலத்தை உதாரணம் காட்டி மாமியாரிடம் வாதாட வேண்டாம். இன்றைக்கு உள்ளதைப் பாருங்கள். பல கம்பெனிகள் கேப்டன், சீஃப் எஞ்சினியர் போன்ற மூத்த ஆபீசர்களுக்குக் குடும்பத்தை அழைத்துவர அனுமதி தருகின்றன. பிள்ளைக்குக் குறைந்தபட்ச வயது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சம்பளப் பட்டியலில் இல்லாத கூடுதல் ஆளாகப் பெயர் ஏறும், உத்தரவாதப் பத்திரத்தில் கையெழுத்து கேட்பார்கள். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி 100 பேரோ அதற்கு மேலோ ஏறி, மூன்று நாளுக்கு மேல் வெளிநாட்டுப் பயணம் போகிற கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். சரக்குக் கப்பலில் இருப்பது இருபது சொச்சம் பேர். அதாவது மேரி பேட்டன் காலத்து நிலைதான், சாட்டிலைட் போன் மட்டும் கூடுதல்.

2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே கன்டெய்னர் கப்பல் கவிழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிளாஸ்டிக் குருணை நம்ம பக்கக் கடற்கரை வரை ஒதுங்கியது. 24 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள், எல்லாரும் பயிற்சி பெற்ற ஆட்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் அந்தக் கப்பலில் இருக்கிறதா என்று கணவரிடம் கேளுங்கள். அளவான உடுப்பு இல்லாத கப்பலில் ஏற்றாதீர்கள், இதில் சமரசம் வேண்டாம்.

என் கருத்து: காண்ட்ராக்ட் முழுக்க வேண்டாம். அந்தக் காலத்துப் பிள்ளைக்குத் துறைமுகத்தில் வாரக்கணக்கில் கரை கிடைத்தது, எதிர்வீட்டுப் பிள்ளைகள் கிடைத்தார்கள். இன்றைய கன்டெய்னர் கப்பல் ஒரு நாளில் சரக்கை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடும், உங்கள் மகள் கிரேனைத்தான் பார்ப்பாள். கப்பல்கள் தாக்கப்பட்ட செங்கடல் பக்கம் போகிற ரூட் என்றால் பேச்சே வேண்டாம். சிங்கப்பூர், கொழும்பு மாதிரி நடுநடுவே நல்ல ஆஸ்பத்திரி உள்ள துறைமுகம் வருகிற ரூட்டில், கச்சான் அடங்கிய பிறகு, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ போய்வாருங்கள். காய்ச்சல் மருந்தும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் பிள்ளையின் எடைக்கு உரிய அளவு எழுதிய சீட்டும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். படுக்கைக்குப் பக்கப் பலகை அடித்துத் தரச் சொல்லி கணவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். போசனிடம் நல்லமாதிரி கேட்டால் ஒரு மணி நேர வேலை அது.